நூறு வரை சொல்கிறான். ஆறு பழம் எடுக்கத் தெரியவில்லை!

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளையைக் கூப்பிடுகிறாள்.

"கண்ணா! மாமாவுக்கு ஒன்று, இரண்டு சொல்லிக் காட்டு."

ஐந்து வயதுப் பையன் கைகட்டி நிற்கிறான். மூச்சு விடாமல் நூறு வரை சொல்லி முடிக்கிறான். மாமா கைதட்டுகிறார். பிறகு ஒரு சின்ன வேலை சொல்கிறார்.

"சபாஷ்! உள்ளே தட்டில் வாழைப்பழம் இருக்கிறது. ஆறு பழம் எடுத்து வா, பார்க்கலாம்."

பையன் ஓடுகிறான். இரண்டு கையாலும் பழங்களை அள்ளிக்கொண்டு வருகிறான். வந்தது ஐந்து பழம். எண்ணச் சொன்னால் விரலை வேகமாக ஓட்டுகிறான். ஒரு பழத்தை மூன்று தடவை தொடுகிறான். இன்னொன்றைத் தொடாமலே தாண்டுகிறான். "ஆறு!" என்று முடிக்கிறான். "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடியும் "ஒன்று, இரண்டு" என்று தொடங்குகிறான்.

தாயின் முகம் வாடிவிடுகிறது. "நன்றாகத்தானே சொன்னான்!" என்கிறாள்.

பையன் மேல் குற்றம் இல்லை. அவன் மந்த புத்திக்காரனும் அல்ல. அவனுக்கு எண்ணின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால், பிற்காலத்தில் கணக்குப் பாடத்தைக் கண்டு நடுங்கும் பிள்ளைகள் பலருடைய கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாட்டு வேறு, எண்ணிக்கை வேறு

"ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்வது முதலில் குழந்தைக்கு ஒரு பாட்டு. நிலாப் பாட்டுப் பாடுகிற குழந்தைக்கு நிலா எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டியது இல்லை அல்லவா? அதைப்போலத்தான் இதுவும்.

பொருளை எண்ணுவது வேறு. அமெரிக்காவைச் சேர்ந்த கெல்மன், கலிஸ்டல் என்ற இரண்டு அறிஞர்கள் 1978-ம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். சரியாக எண்ணுவதற்குச் சில விதிகள் இருக்கின்றன என்று அதில் காட்டினார்கள்.

முதல் விதி: ஒரு பொருளுக்கு ஒரு பெயர். ஒரு பழத்தைத் தொட்டு "ஒன்று" என்றால், அடுத்த பழத்தைத் தொட்டுத்தான் "இரண்டு" சொல்ல வேண்டும். எதையும் விடக்கூடாது. எதையும் இரு முறை தொடக்கூடாது.

இரண்டாவது விதி: பெயர்களின் வரிசை மாறக்கூடாது. இன்றைக்கு "மூன்று, நான்கு" என்றும், நாளைக்கு "நான்கு, மூன்று" என்றும் சொல்லக் கூடாது.

மூன்றாவது விதி: கடைசியாகச் சொன்ன பெயர்தான் மொத்தம். "ஆறு" என்று முடித்தால், அந்த ஆறு கடைசிப் பழத்தின் பெயர் அல்ல. எல்லாப் பழமும் சேர்ந்து ஆறு.

இன்னும் இரண்டு உண்டு. பழமானாலும், படியானாலும், மணி அடிக்கும் ஓசையானாலும் எதையும் எண்ணலாம். இடமிருந்து எண்ணினாலும், வலமிருந்து எண்ணினாலும் தொகை மாறாது.

பெரியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். "இதற்கெல்லாம் விதியா?" என்று கேட்பார்கள். ஆனால், குழந்தைக்கு மூன்றாவது விதிதான் பெரிய மலை. "ஒன்று" என்றால் என்ன என்று முதலில் புரிகிறது. சில மாதம் கழித்து "இரண்டு" புரிகிறது. அப்புறம் "மூன்று". இப்படி ஒவ்வொரு படியாக ஏறி வருகிறது. அந்தச் சமயத்தில் அவசரப்படுத்தி நூறு வரை ஒப்பிக்க வைப்பதால் மலை சிறிதாகிவிடாது.

கைக்குழந்தையின் கணக்கு

அப்படியானால் குழந்தைக்கு எண் உணர்வு அடியோடு இல்லையா? இருக்கிறது! பிறந்த சில மாதங்களிலேயே அதன் முளை தெரிகிறது.

1992-ம் ஆண்டு. காரன் வின் என்ற பெண்மணி ஐந்து மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். குழந்தையின் முன்னால் ஒரு சின்ன மேடை. அதில் ஒரு பொம்மை வைக்கப்பட்டது. ஒரு திரை எழும்பிப் பொம்மையை மறைத்தது. பிறகு ஒரு கை வந்து, குழந்தை பார்க்கும்படியாகவே, இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைத்தது. திரை விழுந்தது.

இரண்டு பொம்மைகள் இருந்தால் குழந்தை சாதாரணமாகப் பார்த்தது. தந்திரமாக ஒன்றை எடுத்துவிட்டு, ஒரு பொம்மை மட்டும் இருக்கும்படி செய்தபோது, குழந்தை வெகு நேரம் உற்றுப் பார்த்தது. "இன்னொன்று எங்கே?" என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

பெரியவர்களுக்கும் இந்தப் பார்வைக் கணக்கு உண்டு. 1871-ம் ஆண்டில் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் தன்னைத்தானே சோதித்துக்கொண்டார். ஒரு பெட்டிக்குள் அவரைக் கொட்டைகளை வீசினார். விழுந்தவுடன், எண்ணாமல், பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொன்னார். இப்படி ஆயிரம் தடவைக்கு மேல் செய்தார். மூன்று, நான்கு கொட்டை விழுந்தபோது அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஐந்தில் தவறு தலைகாட்டியது. அதற்கு மேல் போகப்போகத் தவறு அதிகமாயிற்று.

ஆகவே, மூன்று, நான்கு வரை கண்ணே சொல்லிவிடும். அதற்கு மேல் எண்ண வேண்டும். இயற்கை கொடுத்த முதல் அவ்வளவுதான். அதை வளர்ப்பது வீட்டின் வேலை, பள்ளிக்கூடத்தின் வேலை.

நீளமாக இருந்தால் அதிகமா?

சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே என்ற அறிஞர் இருந்தார். குழந்தைகளின் அறிவு எப்படி வளர்கிறது என்று வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர். 1980-ம் ஆண்டில் காலமானார். அவர் செய்த சோதனை ஒன்றை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

ஆறு புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாக வையுங்கள். அதற்கு எதிரே, ஒன்றுக்கு ஒன்று நேராக, இன்னும் ஆறு கொட்டைகளை வையுங்கள். "இரண்டும் சமமா?" என்று கேளுங்கள். நாலைந்து வயதுக் குழந்தை "சமம்" என்று சொல்லும்.

இப்போது இரண்டாவது வரிசையைக் குழந்தையின் கண் முன்னாலேயே அகலமாக்கிப் பரப்புங்கள். "எதில் அதிகம்?" என்று கேளுங்கள். அநேகக் குழந்தைகள் நீளமான வரிசையைக் காட்டி, "இதில்தான்" என்று சொல்லும்!

ஒரு கொட்டைகூடச் சேரவில்லை. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் குழந்தையின் கண் நீளத்தைப் பார்த்து ஏமாந்துவிடுகிறது. ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் இந்த மயக்கம் தெளிகிறது.

இதற்காகக் குழந்தையைக் கேலி செய்யக் கூடாது. "நீயே எண்ணிப் பார்" என்று சொன்னால் போதும். தானே எண்ணி, தானே கண்டுபிடித்த உண்மையைக் குழந்தை மறப்பதில்லை.

கண்ணை விட்டு மறைந்த கணக்கு

"அந்தக் காலத்தில் எண்சுவடியை உருப்போட்டோமே! திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் மனக்கணக்கில் புலிகளாக இருந்தார்களே!" என்று வயதானவர்கள் கேட்பது உண்டு.

உண்மைதான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முழு எண்ணோடு நிற்கவில்லை. அரை, கால், அரைக்கால் தாண்டி, பதினாறில் ஒரு பங்கான மாகாணி, முந்நூற்று இருபதில் ஒரு பங்கான முந்திரி வரை மனப்பாடம் செய்தார்கள்.

ஆனால், அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பியதும் என்ன பார்த்தார்கள்? களத்தில் நெல் அளந்ததைப் பார்த்தார்கள். "எட்டுப் படி ஒரு மரக்கால்" என்று காதால் கேட்டார்கள். அதைக் கண்ணாலும் கண்டார்கள். கடைக்குப் போனால் அணாவையும் பைசாவையும் எண்ணிக் கொடுத்தார்கள். 1957-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி புது நாணயம் வரும் வரையில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. வெற்றிலை வாங்கினாலும் கணக்குப் போட்டே தீர வேண்டும். பள்ளிக்கூடம் பெயரைக் கொடுத்தது. வீடும் வயலும் கடைத்தெருவும் பொருளைக் கொடுத்தன.

இன்று என்ன நிலை? அரிசி பையில் கட்டி வருகிறது. பருப்பு பாக்கெட்டில் வருகிறது. தராசில் எடைக்கல் இல்லை. மின்சாரத் தராசு தானே விலையையும் போட்டுக் காட்டுகிறது. அப்பா செல்போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. சில்லறை எண்ணி வாங்கும் காட்சியைக் குழந்தை காண்பதே அபூர்வமாகிவிட்டது.

கணக்கு வாழ்க்கையை விட்டுப் போகவில்லை. குழந்தையின் கண்ணை விட்டு மறைந்துவிட்டது. மனப்பாடம் மட்டும் மிச்சம் இருக்கிறது. இதுதான் ஆபத்து.

மறைந்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பணம் தேவை இல்லை. பட்டப் படிப்பும் தேவை இல்லை.

நான்கு வார்த்தையும் 257 வார்த்தையும்

"நான் படிக்காதவள். பிள்ளைக்கு நான் என்ன கணக்குச் சொல்லிக் கொடுக்க முடியும்?" என்று ஏங்கும் தாய்மார்கள் உண்டு. அவர்கள் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் சூசன் லெவின் என்ற பேராசிரியையும் அவருடன் சேர்ந்தவர்களும் 44 குடும்பங்களைக் கவனித்தார்கள். குழந்தைகளுக்கு அப்போது ஒன்றரை, இரண்டு வயது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து முறை போய், ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் பேச்சைப் பதிவு செய்தார்கள். பெற்றோர் எத்தனை எண் வார்த்தைகளைச் சொல்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள்.

மொத்தம் ஏழரை மணி நேரத்தில் ஒரு வீட்டில் சொன்னது நான்கே நான்கு எண் வார்த்தைகள்! இன்னொரு வீட்டில் 257!

அந்தக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய நான்கு வயது ஆனபோது சோதித்துப் பார்த்தார்கள். வீட்டில் எண்ணைப் பற்றி அதிகமாகப் பேசக் கேட்ட குழந்தைகளே, எண்ணின் பொருளை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 2010-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. எதிரே இருக்கும் பொருளைக் காட்டி எண்ணினால் பலன் அதிகம் என்று அடுத்த ஆண்டே இன்னோர் ஆராய்ச்சியும் சொன்னது.

பேசுவதற்குப் படிப்பு எதற்கு? பாசம் இருந்தால் போதும்.

அடுப்படியே பள்ளிக்கூடம்

சாப்பாட்டு நேரத்தில், "எல்லாருக்கும் தட்டு வை" என்று சொல்வதற்குப் பதிலாக, "நாம் எத்தனை பேர்? எத்தனை தட்டு வேண்டும்?" என்று கேளுங்கள். குழந்தை ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு வைக்கும். ஒன்றுக்கு ஒன்று என்ற முதல் விதி அங்கே பாடமாகிவிடுகிறது.

"தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார். இன்றைக்கு எத்தனை தட்டு?" இது கழித்தல்.

"அத்தையும் மாமாவும் வருகிறார்கள். இன்னும் எத்தனை?" இது கூட்டல்.

இட்லித் தட்டில் எத்தனை குழி? மூன்று தட்டில் எத்தனை இட்லி? ஆளுக்கு மூன்று என்றால் எத்தனை பேருக்கு வரும்? பெருக்கலும் வகுத்தலும் ஆவியோடு வந்துவிட்டன!

துவைத்த துணியை மடிக்கும்போது சட்டை ஒரு பக்கம், பாவாடை ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொல்லுங்கள். எது அதிகம் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு எண்ணச் சொல்லுங்கள். ஊகம் தவறினால் பரவாயில்லை. நாளுக்கு நாள் ஊகம் நெருங்கி வரும். அந்த நெருக்கம்தான் எண் உணர்வு.

கடைக்குப் போகும்போது பத்து ரூபாய் நோட்டும், சில்லறையும் கொஞ்சம் கையில் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது குழந்தையே எண்ணிக் கொடுக்கட்டும்; மீதியையும் குழந்தையே எண்ணி வாங்கட்டும். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்!

பல்லாங்குழியும் தாயமும்

பரணில் தூசி படிந்து கிடக்கும் பல்லாங்குழியைக் கீழே இறக்குங்கள். ஆளுக்கு ஏழு குழி. குழிக்கு ஐந்து சோழி வைத்து ஆடுவது ஒரு வழக்கம். ஒரு குழியை அள்ளி, ஒவ்வொரு குழியிலும் ஒன்று ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். விரலும் நாவும் சேர்ந்து எண்ணுகின்றன. நான்கு சேர்ந்த குழியை "பசு" என்று எடுத்துக்கொள்வார்கள். நான்கு சேர்ந்துவிட்டதா என்பதைக் குழந்தை எண்ணாமலே கண்டுவிடும். ஜெவன்ஸ் பெட்டியில் அவரைக் கொட்டை வீசிப் பார்த்தது இதைத்தானே!

தாயக் கட்டம், பரமபதம் இரண்டிலும் அதே நன்மை உண்டு. விழுந்த எண்ணுக்குத் தக்கபடி காய் நகர வேண்டும். ஐந்து பெரிது, மூன்று சிறிது என்பதைக் குழந்தை கால் நடையாகவே உணர்கிறது.

இதற்கும் ஆதாரம் இருக்கிறது. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2008-ம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறு பிள்ளைகள் அதில் கலந்துகொண்டார்கள். ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய கட்டங்கள். வரிசையாக, நேர்கோட்டில் இருக்கும். எண்ணைச் சொல்லிக்கொண்டே காயை நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம். மொத்தம் ஒரே ஒரு மணி நேர ஆட்டம்!

அந்தப் பிள்ளைகள் எண்ணுவதிலும், எது பெரிது, எது சிறிது என்று சொல்வதிலும் நல்ல முன்னேற்றம் அடைந்தார்கள். எண்ணுக்குப் பதிலாக நிறத்தை மட்டும் வைத்து ஆடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காய் ஐந்தாம் கட்டத்தில் இருக்கிறது. இரண்டு விழுகிறது. அப்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்துவதைவிட, "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்துவது நல்லது. ஐந்தும் இரண்டும் ஏழு என்பது விளையாட்டிலேயே பதிந்துவிடும்.

தமிழ் எண்ணின் அருமை

"பதினொன்று" என்றால் பத்தும் ஒன்றும். "பதின்மூன்று" என்றால் பத்தும் மூன்றும். "இருபது" என்றால் இரண்டு பத்து. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. பத்து பத்தாகக் கட்டி வைப்பதுதான் எண்களின் இரகசியம். அதைத் தமிழ் பச்சையாகவே சொல்லிவிடுகிறது.

ஆங்கிலத்தில் "லெவன்", "ட்வெல்வ்" என்கிறபோது, பத்து அதில் எங்கே என்று குழந்தைக்குத் தெரியாது. "தர்ட்டீன்", "தர்ட்டி" இரண்டும் காதில் ஒன்றுபோல விழுந்து குழப்பும்.

தமிழிலும் ஓர் இடத்தில் பிள்ளைகள் இடறுவார்கள். எண்பத்தொன்பதுக்குப் பிறகு "எண்பத்துப் பத்து" என்பார்கள். சிரிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை நன்றாக யோசித்திருக்கிறது! தமிழில் ஒன்பதின் பெயர் பத்தின் பெயரை ஒட்டி வருகிறது. தொண்ணூறு நூற்றை ஒட்டி வருகிறது. தொள்ளாயிரம் ஆயிரத்தை ஒட்டி வருகிறது. இந்த வளைவைக் குழந்தைக்குக் கொஞ்சம் பொறுமையாகக் காட்ட வேண்டும்.

ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் வீட்டில் தமிழில் எண்ணக் கற்றுக்கொடுங்கள். பத்தின் இரகசியம் ஒரு மொழியில் விளங்கிவிட்டால், இன்னொரு மொழியில் பெயர் மட்டும்தான் பாக்கி.

ஈர்க்குச்சிக் கட்டு

பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

இந்தியக் கிராமங்களில் பிள்ளைகளின் படிப்பை "அசர்" என்ற கணக்கெடுப்பு சோதித்து வருகிறது. கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்கு அந்தச் சோதனையில் உண்டு. 2022-ம் ஆண்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரில் 26 பேரே அதைச் செய்தார்கள். 2024-ல் அது 34-க்கு அருகில் வந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் நூற்றில் 66 பேர் இன்னும் கரை ஏறவில்லை.

ஏன்? 52-ல் 27 போக வேண்டும். "இரண்டில் ஏழு போகாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லித் தருகிறார்கள். எந்த வீடு? என்ன கடன்? ஐந்து ஏன் நான்காகிறது? இரண்டு ஏன் பன்னிரண்டாகிறது? பிள்ளைக்கு ஒன்றும் விளங்குவதில்லை. மந்திரம்போல் ஒப்பிக்கிறது. மந்திரம் மறந்தால் கணக்கும் மறந்துவிடுகிறது.

ஈர்க்குச்சிகளை எடுங்கள். பத்து பத்தாக நூலில் கட்டுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. இதுதான் 52. இதில் 27 கொடுக்க வேண்டும். ஏழு உதிரி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. என்ன செய்யலாம்? பிள்ளையே சொல்லும்: "ஒரு கட்டை அவிழ்க்கலாம்!" அவிழ்த்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு உதிரி கொடுத்தால் மீதி ஐந்து. இரண்டு கட்டு கொடுத்தால் மீதி இரண்டு கட்டு. விடை 25. கடனும் இல்லை, மந்திரமும் இல்லை!

தொட்டு அறிந்து கற்கும் இந்த வழி தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சிவப்பும் நீலமும் பூசிய அவருடைய எண் கோல்களைப் பிள்ளைகள் கையால் தடவி, ஒன்று முதல் பத்து வரை நீளத்தால் அறிந்தார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்காக "எண்ணும் எழுத்தும்" திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டது.

திட்டம் நல்லது. அட்டையும் மணியும் வகுப்புக்கு வந்தால் மட்டும் போதாது. அவை அலமாரியில் பூட்டிக் கிடக்காமல் பிள்ளைகளின் கையில் புரள வேண்டும். "விடை என்ன?" என்று கேட்பதோடு ஆசிரியர் நின்றுவிடக் கூடாது. "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்றும் கேட்க வேண்டும். ஒரே கணக்குக்கு மூன்று பிள்ளைகள் மூன்று வழி சொன்னால், அந்த வகுப்பில் கணக்கு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

தேங்காய் விற்ற பையன்

பிரேசில் நாட்டில் ரெசிபே என்று ஒரு நகரம். அங்கே தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கைக்காரரைப்போலப் போனார்கள். ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் என்ன விலை? ஒரு பையன் மனத்துக்குள்ளேயே மூன்று மூன்றாகக் கூட்டினான். மூன்று 105, ஆறு 210, ஒன்பது 315, இன்னும் ஒன்று சேர்த்து 350 என்றான். தெருவில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 பங்கு சரி. அதே பிள்ளைகளை உட்கார வைத்து, வெறும் எண்களாக அதே கணக்குகளைக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 37 பங்குதான் சரி! 1985-ல் வெளிவந்த செய்தி இது.

நம் நாட்டிலும் இதே கதைதான். கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பொருளாதார நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்ளோ ஆகியோர் அடங்கிய குழு ஆராய்ந்தது. முடிவு 2025-ல் வெளிவந்தது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கையும் மனத்தால் போட்டார்கள். பள்ளிக் கணக்கில் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் புத்தகக் கணக்கைப் போட்டார்கள்; சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

ஒருவனிடம் பொருள் இருக்கிறது, எழுத்து இல்லை. மற்றவனிடம் எழுத்து இருக்கிறது, பொருள் இல்லை. இருவருக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைப் போடவேண்டியவர்கள் ஆசிரியரும் பெற்றோரும்தான். பள்ளியில் போட்ட கணக்கைக் கடையில் காட்ட வேண்டும். கடையில் போட்ட கணக்கைச் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும்.

விரல் விடலாமா? வாய்பாடு வேண்டாமா?

"விரலை மடக்காதே! மனத்தால் சொல்!" என்று அதட்டும் பெரியவர்கள் உண்டு. இது தவறு. பத்து விரலும் குழந்தைக்குக் கடவுள் கொடுத்த கணக்குப் பெட்டி. ஐந்தும் ஐந்தும் பத்து என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி வேறு இல்லை. தேவை தீர்ந்ததும் குழந்தை தானாகவே விரலை விட்டுவிடும். ஊன்றுகோலைப் பிடுங்கி எறிந்தால் நடை வந்துவிடாது.

அப்படியானால் வாய்பாடு வேண்டாமா? வேண்டும்! கட்டாயம் வேண்டும். நாலாறு இருபத்து நான்கு என்று நாவில் நின்றால்தான் பெரிய கணக்கு ஓடும். ஆனால், நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு கொட்டை என்று அடுக்கிப் பார்த்த பிறகு மனப்பாடம் செய்யட்டும். முதலில் பொருள், பிறகு பெயர், பிறகு வேகம். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் தவறு. மனப்பாடம் தவறு அல்ல.

பயத்தை ஊட்டாதீர்கள்

இரவு எட்டு மணி. அப்பா களைத்து வந்திருக்கிறார். வீட்டுக் கணக்கில் மகள் தடுமாறுகிறாள். "இதுகூடத் தெரியவில்லையா?" என்று குரல் உயர்கிறது. குழந்தையின் கண்ணில் நீர் திரள்கிறது. அப்போது அந்தக் கண்ணுக்கு எண் எப்படித் தெரியும்?

"எனக்கும் கணக்கு வராது, உனக்கும் வராது" என்று சலித்துக்கொள்வதும் அடிக்குச் சமம். அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்த ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது. கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப் பாடத்துக்கு உதவப் போனால், அந்தப் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள். பயமும் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவர்கள் நோட்டுப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பல்லாங்குழி ஆடலாம். பயம் ஒட்டாது, கணக்கு ஒட்டும்.

பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டில் அன்புதான் சட்டம்.

எவ்வளவு முயன்றாலும் சில பிள்ளைகளுக்கு எண் மட்டும் பிடிபடாது. மற்றப் பாடங்களில் கெட்டிக்காரர்களாகவே இருப்பார்கள். இது சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. கணக்குக் கற்பதில் உள்ள ஒரு தனிக் குறைபாடாக இருக்கலாம். பள்ளியில் சொல்லி, சிறப்பு ஆசிரியரின் உதவியைச் சீக்கிரம் நாடுவது நல்லது.

இன்று இரவே தொடங்கலாம்

விருந்தாளி முன்னால் நின்ற அந்தப் பையனை மறந்துவிட வேண்டாம். அவனுக்கு இன்னும் நூறு எண் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசரம் இல்லை. ஆறு பழத்தை நிதானமாக, ஒவ்வொன்றாகத் தொட்டு, ஓரமாக நகர்த்தி வைத்து எண்ணட்டும். "ஆறு" என்று முடிக்கட்டும். "மொத்தம் எத்தனை?" என்று தாய் கேட்கட்டும். மறுபடி எண்ணாமல், "ஆறு" என்று அவன் சொல்லும் நாள் ஒன்று வரும்.

அன்றைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால், நூறு வரை ஒப்பித்த நாளைவிட அதுவே பெரிய நாள்.

தாய்மார்களே! தந்தைமார்களே! இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "எத்தனை தட்டு வேண்டும்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். பதில் தவறானால், ஒரு தட்டு குறையும். அல்லது ஒரு தட்டு மிஞ்சும். எது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.